எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்பது குடிப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுவும் கல்லீரலும் குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். குடிப்பழக்கத்தால் கல்லீரல் நொதிகள் அதிகரிக்கின்றன என்றும், அதிகரித்த நொதிகள் கல்லீரலைக் கெடுக்கின்றன என்றும் பொருள்படும் வாக்கியம் ஒன்று அதில் இருந்தது. மருத்துவ மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் அதைக் குறித்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இக்குழப்பம் ஏட்டளவில் நின்றுவிட்டால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். அது வீடுகளில் தவறான முடிவுகளுக்குக் காரணமாவதை அடிக்கடி பார்ப்பதால்தான் இந்தக் கடிதம்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஜி.ஜி.டி. என்று அச்சாகி வரும் நொதிகள் வேறு. உள்ளே போன மதுவைச் சிதைக்கும் நொதிகள் வேறு. முன்னவை கல்லீரல் செல்கள் அடிபடும்போது ரத்தத்தில் வந்து சேர்பவை. அவை கல்லீரலுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. தீங்கு நடந்திருக்கிறது என்று தெரிவிப்பதோடு அவற்றின் பங்கு முடிந்துவிடுகிறது. பின்னவைதாம் மதுவைக் கல்லீரலுக்குள்ளேயே நஞ்சாக மாற்றுபவை. அவற்றின் அளவை நம் ஊர் ஆய்வுக்கூடம் எதுவும் அளந்து சொல்வதில்லை. இந்த வேறுபாடு தெரியாததால், அறிக்கையில் எண் கூடியிருந்தால் அதைக் குறைக்க டானிக் வாங்குவதும், எண் குறைந்ததும் மறுபடி பாட்டிலைத் திறப்பதும் பலருக்கு வழக்கமாகிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகு என் தெருவில் அறிக்கையும் கையுமாக வருபவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "சார், எஸ்.ஜி.பி.டி. நார்மல்னு வந்துடுச்சு, இனி அளவோட எடுத்துக்கலாமா?" என்பதுதான்.

மதுவைச் சிதைக்கும் நொதிகளின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். குடிக்கும் மதுவில் உள்ள எத்தனாலில் மிகச் சிறு பகுதிதான் மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறுகிறது. 90 விழுக்காட்டுக்கும் மேல் கல்லீரலில்தான் சிதைக்கப்பட வேண்டும். அங்கே ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்து, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்குள் இருக்கும் ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் அதை அசிட்டேட்டாக மாற்றுகிறது. அசிட்டேட் தீங்கற்றது, தசைகளும் இதயமும் அதை எரித்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. இடையில் உருவாகும் அசிட்டால்டிஹைடு அப்படிப்பட்டதன்று. எத்தனாலைவிடப் பன்மடங்கு நச்சுத்தன்மை கொண்ட அது, மது அருந்துவதோடு தொடர்புடைய அசிட்டால்டிஹைடு என்ற அடிப்படையில், மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையால் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஒரு பொருளை நஞ்சாக்குவதில் நொதிக்கு உள்ள பங்கைத் தமிழ்நாடு மிகக் கொடிய முறையில் கண்டிருக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனால் தானாகக் கண்ணைப் பறிப்பதில்லை. நான் மேலே சொன்ன அதே ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பையும் உயிரையும் பறிக்கிறது. அதனால்தான் அந்த நொதியைத் தடுக்கும் ஃபோமிபிசோல் இதற்கு மருந்தாகிறது. கடையில் முத்திரையோடு விற்கும் மதுவில் மெத்தனால் கலப்பு இல்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள், அதே நொதி அந்த மதுவையும் நஞ்சாகத்தான் மாற்றுகிறது என்பதை அறிய வேண்டும். முன்னது சில நாள்களில் கொல்கிறது; பின்னது ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அளவோடு குடிப்பது என்று சொல்கிறார்களே, அந்த அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவார்ட்டர் எனப்படும் 180 மில்லி பாட்டிலில், 42.8 விழுக்காடு வீதம், ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கிறது. சராசரி மனிதரின் கல்லீரலால் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் சிதைக்க முடியும். ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் சிறிதளவு எத்தனாலிலேயே தன் முழு வேகத்தை எட்டிவிடுவதால், அதற்குமேல் எவ்வளவு ஊற்றினாலும் வேகம் கூடுவதில்லை. ஆகவே இரவு 9 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவரின் கல்லீரல் விடியும்வரை வேறு வேலையைச் சரிவரப் பார்க்க முடியாமல் இதையே செய்துகொண்டிருக்கும். பீர்தானே என்று சொல்வோருக்கும் ஒரு கணக்கு உண்டு: 8 விழுக்காடு கொண்ட 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் சுமார் 40 கிராம் எத்தனால் இருக்கிறது, அதாவது குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு.

இரவெல்லாம் நடக்கும் அந்த வேலையின் விளைவுதான் கொழுப்புக் கல்லீரல். மேற்சொன்ன இரண்டு நொதிகளும் ஒவ்வொரு எத்தனால் மூலக்கூறுக்கும் என்.ஏ.டி. என்னும் துணைப்பொருளைச் செலவழித்து, அதை என்.ஏ.டி.எச். ஆக்கிவிடுகின்றன. செல்லுக்குள் என்.ஏ.டி.எச். குவிந்துவிட்டால் கொழுப்பு அமிலங்களை எரிக்கும் வேலை தடைபடுகிறது. எரியாத கொழுப்பு செல்லிலேயே தங்குகிறது. போதாக்குறைக்குப் புதிய கொழுப்பும் உருவாகிறது. புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலையும் இதே காரணத்தால் நின்றுபோகிறது. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் உழைத்துவிட்டு வெறும் வயிற்றில் குடிப்பவர் மயங்கி விழுந்தால், போதையில் கிடக்கிறார் என்று எல்லோரும் கடந்துபோகிறார்கள். அவருக்கு ரத்தச் சர்க்கரை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கக் கூடும். இதைத் தங்கள் பத்திரிகை ஒரு தனிப் பெட்டிச் செய்தியாகவே வெளியிடலாம்.

அசிட்டால்டிஹைடு செய்யும் தீங்கு இதற்கு மேல். அது செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வடிவத்தைக் கெடுக்கிறது. கல்லீரல் தயாரிக்கும் புரதங்களை வெளியே அனுப்பும் நுண்குழாய்கள் பழுதாவதால் செல் வீங்குகிறது. உருமாறிய புரதங்களை அயல்பொருள் என்று எண்ணி உடலின் எதிர்ப்பாற்றல் தாக்கத் தொடங்குகிறது. எல்லாவற்றிலும் கவலைக்குரியது, அசிட்டால்டிஹைடு மைட்டோகாண்ட்ரியாவையே பழுதாக்குவதுதான். அதை அகற்ற வேண்டிய இரண்டாவது நொதி அங்கேதானே இருக்கிறது? அது மந்தப்பட மந்தப்பட அசிட்டால்டிஹைடு மேலும் சேர்கிறது. சேரச் சேர மைட்டோகாண்ட்ரியா மேலும் பழுதாகிறது.

தொடர்ந்து குடிப்பவரிடம் மூன்றாவது நொதி ஒன்றும் களத்தில் இறங்குகிறது. மதுவைச் சிதைக்க கல்லீரலில் இரண்டாம் பாதை ஒன்றும் இருப்பதை நியூயார்க்கில் பணியாற்றிய ஆய்வாளர்கள் சார்லஸ் லீபரும் லியோனோர் டிகார்லியும் 1968இல் விவரித்தார்கள்; அந்தப் பாதையின் முக்கிய நொதியான இதற்கு சைட்டோகுரோம் 2இ1 என்று பெயர். அவ்வப்போது குடிப்பவரிடம் இதன் பங்கு சிறிது. நாள்தோறும் குடிப்பவரிடமோ இதன் அளவு பல மடங்கு பெருகிவிடுகிறது. பார்வைக்கு இது நன்மை போலத் தோன்றும். மது சீக்கிரம் அகற்றப்படுகிறதே என்று. ஆனால் இந்த நொதி வேலை செய்யும்போதெல்லாம் வீரியம் மிக்க ஆக்சிஜன் துணுக்குகளைச் சிதறவிடுகிறது. அவை செல்சவ்வின் கொழுப்பைக் கெட்டுப்போக வைக்கின்றன, டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன, இவற்றைத் தணிக்க வேண்டிய குளுட்டாதயோன் என்னும் காப்புப் பொருளையும் தீர்த்துவிடுகின்றன. மது குடலின் தடுப்புச் சுவரைத் தளர்த்துவதால் அங்கிருந்து கசியும் பாக்டீரிய நச்சும் கல்லீரலை வந்தடைந்து அழற்சியைத் தூண்டுகிறது. இத்தனை தூண்டுதல்களும் சேர்ந்து, வைட்டமின் ஏயைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருந்த நட்சத்திரச் செல்களை நார்த்திசு உற்பத்தி செய்பவையாக மாற்றிவிடுகின்றன. அந்த நார்தான் வடுவாகி, வடு பெருகி, கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் ஆகிறது.

எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாதவர் என்று நம் ஊரில் சிலரைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த நிதானத்துக்கு மூளை மதுவுக்குப் பழகிப்போனது ஒரு காரணம். சைட்டோகுரோம் 2இ1 பெருகியிருப்பது மற்றொன்று. எனவே அவரைப் பார்த்து வியப்பதற்கு எதுவும் இல்லை. கல்லீரலில் சேதம் மற்றவர்களைவிட வேகமாக நடந்துகொண்டிருக்கக் கூடியவர் அவர். நன்றாகக் கறியும் மீனும் சாப்பிட்டுக் குடித்தால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதுதான். ஊட்டச்சத்துக் குறைவுதான் குடிப்பவர்களின் கல்லீரல் நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே எண்ணியிருந்தது. சத்தான உணவோடு மது கொடுக்கப்பட்ட பபூன் குரங்குகளுக்கும் கொழுப்புக் கல்லீரலும், அவற்றில் சிலவற்றுக்கு சிரோசிஸும் வந்ததை லீபரின் குழு 1970களில் காட்டிய பிறகு அந்த எண்ணம் நிலைக்கவில்லை. நம் மதுக்கூடங்களில் மட்டும் அது இன்னும் நிலைத்திருக்கிறது.

இதே நொதி மருந்து விஷயத்திலும் குறுக்கிடுகிறது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் தாராளமாக விழுங்கும் பாராசிட்டமாலில் ஒரு பகுதியை சைட்டோகுரோம் 2இ1 கல்லீரலுக்கு நஞ்சான பொருளாக மாற்றுகிறது. வழக்கமாகக் குளுட்டாதயோன் அந்த நஞ்சை முறித்துவிடும். நாள்தோறும் குடிப்பவரிடம் நொதி மிகுதி, குளுட்டாதயோன் குறைவு. குடித்து முடித்த மறுநாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் போடுவது வழக்கமல்லவா? எத்தனால் வெளியேறிவிட்டதால் நொதி முழுமையாகப் பாராசிட்டமாலின் பக்கம் திரும்பக்கூடிய நேரமே அதுதான். தொடர்ந்து குடிப்பவர்கள் நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்று கல்லீரல் மருத்துவர்கள் பலர் அறிவுறுத்துகிறார்கள். 650 மில்லிகிராம் மாத்திரையில் மூன்று போட்டாலே அந்த எல்லையை ஏறத்தாழத் தொட்டுவிடுகிறோம். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுத்துக்கொள்பவர்கள் குடித்தால் கல்லீரல் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும், அந்த மாதங்களில் குடியை அறவே விட்டுவிட வேண்டும் என்பதையும் மருந்து கொடுக்குமிடத்தில் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரைப்பையில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸின் செயல் அவர்களிடம் குறைவு. உடலின் நீர் அளவும் குறைவு. அதே அளவு மது அவர்களின் கல்லீரலை ஆண்களுக்கு வருவதைவிடக் குறைந்த ஆண்டுகளில் பாதிக்கிறது.

இனி அறிக்கையில் வரும் நொதிகளுக்கு வருகிறேன். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரல் செல்லுக்குள் அமினோ அமில வேலை பார்ப்பவை. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். மதுவால் வந்த கல்லீரல் அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி. பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி6 குறைந்துபோவதும், அந்த வைட்டமின் இல்லாமல் எஸ்.ஜி.பி.டி. குன்றிவிடுவதும், மைட்டோகாண்ட்ரியா பழுதாகி அதிலிருக்கும் எஸ்.ஜி.ஓ.டி. வெளியேறுவதும் இதற்குக் காரணங்கள். ஆனால் கடுமையான அழற்சியிலும் எஸ்.ஜி.ஓ.டி. பொதுவாக 300, 400ஐத் தாண்டுவதில்லை. வைரஸ் மஞ்சள் காமாலையில் ஆயிரக்கணக்கில் ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்கள், 180 என்ற எண்ணைக் கண்டு ஆறுதல் அடைகிறார்கள். அந்த 180ஓடு, காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் ஏறி, ரத்தம் உறையும் நேரம் நீண்டு, வயிறு வீங்கியிருந்தால், அவர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடக்கூடிய நிலையில் இருக்கலாம்.

நார்மல் என்ற சொல்லை நம்பக் கூடாது என்பதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. ஓட்டைப் பானையில் தண்ணீர் இருக்கும்வரைதான் ஒழுகும், வற்றியபின் ஒழுகாது. சிரோசிஸ் முற்றிய கல்லீரலில் கசிவதற்குப் போதிய செல்களே மிஞ்சாதபோது இந்த எண்கள் நார்மலுக்கு வந்துவிடலாம். வேறொன்றும் நடக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. ரத்தத்தில் பாதியாகக் குறைய 17 மணி நேரம் போதும், எஸ்.ஜி.பி.டி.க்கு ஏறத்தாழ 2 நாள். வேலைக்கான உடற்தகுதிச் சோதனைக்கோ காப்பீட்டுக்கோ முன்பு ஒரு வாரம் குடிக்காமல் இருந்துவிட்டுப் போகிறவரின் அறிக்கை, அந்த ஒரு வாரத்தை மட்டுமே காட்டும். பத்தாண்டுகளாகச் சேர்ந்த வடுவை அது காட்டாது. ஜி.ஜி.டி. மெல்லக் குறைவதால் சற்றுக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது வேறு காரணங்களாலும் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது.

ஆகையால் பல ஆண்டுகள் குடித்த ஒருவர், நொதி எண்கள் எப்படி இருந்தாலும், கல்லீரல் தயாரிக்கும் புரதமான அல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை முதல் மூன்றும், அதில் வடு விழுந்து ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறதா என்பதைத் தட்டணுக்களும் ஓரளவு சொல்லும். வயிற்று அல்ட்ராசவுண்டும், வசதியுள்ள இடத்தில் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் செய்துகொள்வது நல்லது. எண்ணைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் டானிக்கை நம்பிக் குடியைத் தொடர்வதும், வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் காலம் கடத்துவதும் திருத்த வாய்ப்புள்ள நாள்களை வீணாக்குகின்றன. அப்படி வாய்ப்பு உண்டு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடியை நிறுத்தினால் கொழுப்புக் கல்லீரல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் சீராகிவிடும். பெருகியிருந்த சைட்டோகுரோம் 2இ1 ஓரிரு வாரங்களில் பழைய அளவை நெருங்கும். சிரோசிஸ் வந்தவர்களிலும் நிறுத்தியவர்கள் தொடர்ந்து குடிப்பவர்களைவிடத் தெளிவாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள்.

தங்களிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள் இருக்கிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்துக் குடியை மறக்கச் செய்யலாம் என்னும் விளம்பரங்கள் பேருந்து நிலையச் சுவர்களிலும் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களிலும் காணக் கிடைக்கின்றன. அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற உண்மையான மருந்து ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில் கண்டறியப்பட்டு 1948இல் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது மேலே சொன்ன இரண்டாவது நொதியான ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸைத் தடுத்து, குடித்தவுடன் அசிட்டால்டிஹைடை உடலில் பெருகச் செய்கிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, மனிதர் மதுவை வெறுக்கிறார். சீனர், ஜப்பானியர், கொரியர் ஆகியோரில் 30 முதல் 40 விழுக்காட்டினருக்கு இந்த நொதி பிறவியிலேயே குறைபட்டிருப்பதால் அவர்களுக்குச் சிறிது குடித்தாலே இப்படி நேர்கிறது. நம்மவர்களில் அது அரிது. டைசல்ஃபிரமைத் தெரியாமல் கொடுத்தால், ஒருவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரைக் குடித்துவிட்டு, ரத்த அழுத்தம் சரிந்து உயிரையே இழக்க நேரலாம். அரிதாக அந்த மருந்தே கல்லீரலைத் தாக்குவதும் உண்டு. அவருடைய சம்மதத்தோடும் மருத்துவரின் கண்காணிப்போடும் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. தவித்துப்போய் இதைத் தேடும் மனைவியையும் தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய தவிப்பைக் காசாக்கும் அந்த விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தால் பல குடும்பங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும்.

மருத்துவப் பக்கத்தில் திருத்தம் வெளியிடும்போது ஒன்றைக் கூடவே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால், முதல் சில நாள்களில் கைநடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும். அப்படிப்பட்டவர் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ போதை மீட்புப் பிரிவிலோ சேர்ந்து, தயாமின் (வைட்டமின் பி1) உள்ளிட்ட மருந்துகளின் துணையோடு நிறுத்த வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.